எது தபேலா, எது டக்கா?

“தம்பி, எனக்கு என் குரலே கேக்கலப்பா.”

போன வருடம் பங்குனியில், திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பாடகி அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அதட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை மூடியபடியே சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். இருபத்தைந்து வருடமாக மேடையில் பாடுகிறவர். மைக் கத்தினாலும் கரண்ட் போனாலும் கலங்காமல் அடுத்த வரியைப் பிடித்துவிடுவார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

நடந்தது இதுதான். கூட்டத்தைக் கிளப்பிவிட்ட ஒரு குத்துப்பாட்டு முடிந்து, அடுத்தது தாலாட்டு மாதிரி மெதுவான ஒரு பாட்டு. முதல் வரி அக்கா குரல் மட்டும். இரண்டாவது வரியில் அடியில் மெல்ல ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டத்தின் சத்தம்) சேர வேண்டும். ட்ரூப்பில் நான் கீபோர்டு வாசிக்கிறவன்; சத்தம் லேப்டாப்பிலிருந்து வரும். லேப்டாப்பில் பாட்டை மாற்றினேன். நான் வீட்டில் சேமித்து வைத்திருந்தபடி திரையில் ஸ்ட்ரிங்ஸ் ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளுவது) 40-இல் வந்து நின்றது. சத்தமும் அளவாகத்தான் இருந்தது. சரணம் வந்தபோது ஒரு நூலளவு ஏற்றலாம் என்று கீபோர்டில் இருக்கிற நிஜ ஃபேடரைத் தொட்டேன். அதுவோ முந்தின பாட்டில் பிராஸுக்காக நான் தள்ளிவிட்ட உச்சியிலேயே இருந்தது. விரல் பட்டு மயிரிழை அசைந்ததும் ‘126’ என்று ஒரு செய்தி அனுப்பியது. திரையில் இருந்த 40, கண்மூடித் திறப்பதற்குள் 126 ஆகிவிட்டது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த பாக்ஸிலிருந்து ஸ்ட்ரிங்ஸ் அலையாகக் கிளம்பி அக்கா குரலை மூடிவிட்டது. அவர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஒரு வரி முழுக்கச் சுதி விலகிப்போனது. நல்லவேளை, தபேலா அண்ணன் அடியைக் குறைத்து, நாதத்தை மட்டும் தெளிவாக விட்டு விட்டுச் சுதியைக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அக்கா மேலே வந்தார்.

கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காமல் போவதென்பது, நடந்துகொண்டிருக்கும்போது காலடித் தரை விலகுவது மாதிரி. அதைச் செய்தவன் நான். எந்த மென்பொருள், எந்தக் கீபோர்டு என்பது இங்கே முக்கியமில்லை. அவை நான் சொல்லி வைத்தபடிதான் நடந்துகொண்டன. நான் சொல்லி வைத்ததில்தான் பிழை.

கையில் ஒன்று, திரையில் ஒன்று

மேடையில் லேப்டாப் வைத்து வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தத் திரைக் கட்டுப்பாடுகள் தெரியும். மென்பொருள் மெயின்ஸ்டேஜாக இருந்தாலும் கிக் பெர்ஃபார்மராக இருந்தாலும் ஏபிள்டன் லைவாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் ஒரு ஃபேடரோ குமிழோ பட்டனோ வைக்கிறோம். ‘லேர்ன்’ அழுத்தி, கீபோர்டில் இருக்கிற ஃபேடரை அசைத்து, இது அதற்கு என்று பழக்குகிறோம். அப்புறம் அந்தத் திரை ஃபேடரை உள்ளே இருக்கிற ஒரு டோனின் சத்தத்தோடோ ஃபில்டரோடோ கட்டுகிறோம். ஆக நடுவில் மூன்று பேர்: கையில் இருப்பது, திரையில் இருப்பது, உள்ளே சத்தம் போடுவது. பழக்குவது பத்து நிமிட வேலை. பழக்கும்போது கை சாவியில் அழுந்தி, ஃபேடருக்குப் பதிலாக ஆஃப்டர்டச் (சாவியின் அழுத்தத்தைச் சொல்லும் செய்தி) போய் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் பல வருடம் அந்தப் பத்து நிமிடத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

பிரச்சினை பாட்டு மாறும்போதுதான் வருகிறது. பாட்டு மாறினால் திரையில் இருக்கிற ஃபேடர் தானாக நகர்ந்து, சேமித்த இடத்துக்குப் போய்விடும். கையில் இருக்கிற ஃபேடருக்குத் தானாக நகரத் தெரியாது. மோட்டார் வைத்த ஃபேடர்கள் நகரும். ஆனால் எங்களைப் போன்ற லைட் மியூசிக் ட்ரூப்பில் அதை வாங்கி, டாடா ஏஸில் ஏற்றி, மண் மேடையில் இறக்கி வாசிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களைக் கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற மொழியான மிடி உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த ஏற்பாட்டின் அழகே எளிமைதான். அசைந்தால் சொல், அசையாவிட்டால் பேசாதே. 0 முதல் 127 வரை ஓர் எண். ஃபேடர் தான் இருக்கிற இடத்தைச் சொல்லும். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கேட்காது.

இதற்கு மென்பொருள்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள். ஏபிள்டன் லைவில் ‘டேக்ஓவர்’ என்று ஓர் அமைப்பு, மூன்று விதம். ஒன்றும் வேண்டாம் என்றால், தொட்டதும் நிஜ ஃபேடர் இருக்கிற இடத்துக்கே திரை தாவிவிடும். திருக்காட்டுப்பள்ளியில் எனக்கு நடந்தது அதுதான். ‘பிக்கப்’ என்றால், நிஜ ஃபேடர் திரையில் இருக்கிற இடத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் எதுவும் நடக்காது, தாண்டியதும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில், இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து ஒன்று சேரும். மற்ற மென்பொருள்களிலும் இதே எண்ணம் வேறு பெயர்களில் இருக்கிறது. நான் இணையத்தில் தேடிப் படித்து, எல்லாவற்றையும் ‘பிக்கப்’புக்கு மாற்றினேன். இனி எதுவும் தாவாது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சித்திரையில் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஒரு பாட்டின் நடுவில் அக்கா தனியாக ஆலாபனை மாதிரி இழுக்கிற இடம் வரும். அதற்கு முன்பே கீழே நீளமாக ஓடுகிற ‘பேட்’ என்ற பின்னணிச் சத்தத்தை நான் இறக்கிவிட வேண்டும். திரையில் அது 90-இல் இருந்தது. கையில் இருந்த ஃபேடர் 20-இல். இறக்கினேன். இறங்கவில்லை. இன்னும் இறக்கினேன், அடி வரைக்கும் போய்விட்டது, சத்தம் அப்படியே நின்றது. ஏனென்றால் அதை இறக்க வேண்டுமானால் நான் முதலில் 90-ஐத் தாண்டி ஏற்ற வேண்டும். வலது கையில் கார்டு (சேர்த்து வாசிக்கும் சுரங்கள்) பிடித்திருக்கிறேன், சீரியல் லைட் கண்ணில் அடிக்கிறது, அக்கா ஆலாபனையைத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில் இறக்குவதற்காக ஏற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பேட் கடைசி வரை ஓடியது. முதல் தடவை தாவியது, இரண்டாம் தடவை நகரவே இல்லை. இரண்டிலும் கஷ்டப்பட்டது அக்காதான்.

நீடாமங்கலம் கேட்

மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் திரும்ப வேண்டுமென்றால் நீடாமங்கலம் வழிதான். அந்த ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு ஒன்றரை மணிக்கு மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பின்சீட்டில் டிரம் பேட் வாசிக்கிற தம்பி தூங்கிவிட்டான். அக்கா முன்சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நானும் தபேலா அண்ணனும் இறங்கி வண்டியில் சாய்ந்து நின்றோம். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ட்ரூப்பில் எல்லாருக்கும் அண்ணன்தான்.

நான் அவரிடம் புலம்பினேன். தாவுவது, பிடிப்பது, எண்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செல்போன்கூடப் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஆனால் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்து தன் பைகளைக் காட்டினார்.

“இங்க பாரு. தபேலா மூணு வச்சிருக்கேன். ஒண்ணு ஒரு கட்டைப் பக்கம், ஒண்ணு நாலு, ஒண்ணு அஞ்சரை. பாட்டுக்குப் பாட்டு சுத்தியல எடுத்து ஓரத்தத் தட்டிக்கிட்டு ஒக்கார முடியாது. சுதி மாறுனா தபேலாவ மாத்திருவேன். ஆனா எடது பக்க டக்கா ஒண்ணுதான். அது சாயங்காலம் வச்ச எடத்துலயே இருக்கும். ராத்திரி முழுக்க என் எடது கை அதத் தேடாது.”

நான் சும்மா தலையாட்டினேன். அவர் விடவில்லை.

“ஒன் மெஷின்ல எது தபேலா, எது டக்கான்னு எழுதி வச்சிருக்கியா தம்பி?”

இல்லை. எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. என் திரையில் ஒன்பது ஃபேடர், எட்டுக் குமிழ், எட்டுப் பட்டன் இருந்தன. கீபோர்டில் அத்தனை இருக்கிறதே என்று திரையிலும் அத்தனையையும் வரைந்திருந்தேன். பாட்டு மாறினால் இருபத்தைந்தும் மாறும். சத்தம், ரிவர்ப் என்ற எதிரொலி, மேடை மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போவது, டிரான்ஸ்போஸ் என்ற சுதி மாற்றம், எல்லாம். அதாவது ஒவ்வொரு பாட்டுக்கும் நான் டக்காவையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு டக்காவை வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். என் கை தடுமாறாமல் வேறு என்ன செய்யும்?

பாட்டு லிஸ்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் வண்டியின் பானட்டில் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் ‘பாட்டோடு போவது’, மறுபக்கம் ‘மேடையோடு இருப்பது’. மொத்தச் சத்தம், அது மேடையோடு இருக்க வேண்டியது. ஊரைப் பொறுத்தது, சவுண்டு சர்வீஸ்காரரின் பாக்ஸைப் பொறுத்தது. பாட்டைப் பொறுத்தது இல்லை. மானிட்டர் சத்தமும் அப்படியே. ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், பிராஸ் ஒவ்வொன்றின் அளவும் பாட்டோடு போவது. ஃபில்டர் திறப்பு பாட்டோடு. வயலின் டோனுக்குப் பெண்ட் எத்தனை சுரம் வளைய வேண்டும் என்பதும் பாட்டோடு. கேட் திறப்பதற்குள் பதினாறு வரி எழுதிவிட்டேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்துபோய். இரண்டு வருடமாக நான் படித்த கையேடுகள் எல்லாம் எப்படிக் கட்டுவது என்றுதான் சொல்லிக்கொடுத்தன. பாட்டு மாறும்போது எதை அவிழ்க்க வேண்டும், எதை அவிழ்க்கக் கூடாது என்ற கேள்வி அன்று அந்தக் கேட்டில்தான் எனக்கு வந்தது.

மென்பொருளுக்குள் போய்ப் பார்த்தால் அதற்கான இடம் ஏற்கெனவே இருந்தது. மெயின்ஸ்டேஜில் கான்செர்ட், செட், பேட்ச் என்று மூன்று தட்டு. மேல் தட்டான கான்செர்ட்டில் ஒரு ஃபேடரைக் கட்டிவிட்டால், கீழே எந்தப் பேட்ச் வந்தாலும் அந்தக் கட்டுதான் செல்லும். கிக் பெர்ஃபார்மரில் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக குளோபல் ராக்ஸ்பேஸ் என்று ஒன்று; ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ராக்ஸ்பேஸ், அதற்குள் வேரியேஷன்கள். செய்தவர்கள் மேடையில் வாசித்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். நான்தான் எல்லாவற்றையும் கீழ்த் தட்டிலேயே கொட்டி வைத்திருந்தேன்.

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்து, ஊரில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் எங்களுக்குக் கச்சேரி குறைந்துவிடும். அந்த நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். முதலில் செய்தது, கையைப் பிரித்தது. மேடையோடு இருப்பவை எல்லாம் கீபோர்டின் ஃபேடருக்குப் போயின. அவற்றின் மதிப்பைப் பாட்டு தொடாது. ஆகவே திரையும் கையும் ஒருபோதும் வேறு வேறு இடத்தில் இருக்க முடியாது. தாவலும் இல்லை, பிடிப்பும் இல்லை. பாட்டோடு போகிறவை எல்லாம் முடிவில்லாமல் சுற்றுகிற குமிழ்களுக்குப் போயின. அந்தக் குமிழுக்கு ‘இருக்கிற இடம்’ என்று ஒன்று கிடையாது. ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று மட்டும்தான் சொல்லும். திரை 40-இல் இருந்தால் 41. 90-இல் இருந்தால் 91. திருக்காட்டுப்பள்ளியில் என் விரலுக்கு அடியில் இது இருந்திருந்தால் அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல மிடி கீபோர்டுகளில் இந்தச் சுற்றுக் குமிழ் இருக்கிறது. கீபோர்டின் அமைப்புக்குள் போய் ‘ரிலேட்டிவ்’ என்று மாற்றி, மென்பொருளிலும் அதையே சொல்ல வேண்டும். மென்பொருளில் சொல்ல மறந்தால், மெதுவாகச் சுற்றினாலும் மதிப்பு 1-க்கும் 127-க்கும் துள்ளும். நான் ஒரு மத்தியானம் முழுக்க அதில் மாட்டிக்கொண்டேன்.

சத்தத்திலேயே இரண்டு தட்டு உண்டு என்பது அந்த நாட்களில்தான் எனக்கு மனதில் பதிந்தது. மிடியில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் எண் உண்டு; 7-ஆம் எண் வால்யூம், 11-ஆம் எண் எக்ஸ்பிரஷன். எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, ஆனால் நான் எல்லாவற்றுக்கும் 7-ஐயே போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் உடனே வாய்க்காலுக்குப் போய்விட்டார். 7-ஆம் எண் தலைமதகு. 11-ஆம் எண் நம் வயல் மடை. தலைமதகில் எவ்வளவு விடுவது என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால், அன்றாடம் மண்வெட்டியால் வெட்டுவதும் அடைப்பதும் மடையில்தான். மடையை முழுக்கத் திறந்தாலும் தலைமதகு விட்டதற்கு மேல் ஒரு சொட்டு வராது. பாட்டுக்குள் ஏற்றி இறக்குவதை எல்லாம் 11-க்கு மாற்றினேன். 7-ஐ ஒவ்வொரு டோனுக்கும் வீட்டிலேயே அளந்து பூட்டிவிட்டேன்.

அதே நேரத்தில் இன்னொன்றும் செய்தேன், இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்ல விரும்புகிறேன். திரைக் கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை வைக்கலாம். ஸ்ட்ரிங்ஸுக்கு மேல் எல்லையை 75-இல் நிறுத்திவிட்டேன். இனி என் கை எப்படித் தவறினாலும், அந்தப் பாட்டில் ஸ்ட்ரிங்ஸ் அக்கா குரலுக்கு மேலே போக வழியே இல்லை. குமிழைச் சுற்றுகிற தூரம் முழுக்கவும் பயனுள்ள தூரமாகிவிடுகிறது, நுணுக்கமும் கூடுகிறது. அந்த ஒரு எண்ணை நான் முன்பே வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

திரையில் வரைந்ததும் சுருங்கியது. இருபத்தைந்திலிருந்து ஒன்பது. மேலே பாட்டின் பெயர், பெரிய எழுத்தில், தமிழில். அதன் பக்கத்தில் அடுத்த பாட்டு. அதற்குக் கீழே கட்டை, அதாவது பாட்டின் சுதி. இடது ஓரம் மேடையோடு இருப்பவை, கறுப்புப் பின்னணியில் மங்கிய நீலம். வலது பக்கம் பாட்டோடு போகிறவை, மஞ்சள். வலது மேல் மூலையில் சிவப்பாக ஒரு பட்டன், எல்லாச் சத்தத்தையும் நிறுத்த. அது ஏன் என்றால், திருவிழாவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருகிற இடைவெளியில் கீபோர்டு அணைந்துவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். சுரத்தை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெயின் பெடலை மிதித்திருந்த நேரத்தில் அப்படி ஆனால், காலை எடுத்த செய்தி போய்ச் சேரவே சேராது. சுரம் தொங்கிக்கொண்டே இருக்கும். சுரங்களை நிறுத்துகிற 123-ஆம் எண் மட்டும் போதாது, பெடல் பிடித்து வைத்திருக்கிற சுரத்தை அது விடுவிக்காது. அதனால் அந்தப் பட்டன் பெடலுக்கு உரிய 64-ஐ 0 ஆக்கி, 123-ஐ அனுப்பி, கடைசியில் சத்தத்தையே அறுக்கிற 120-ஐயும் அனுப்பும்.

அரைக் கட்டை

தாளில் போட்ட கோட்டின் இரண்டு பக்கமும் சேராமல் ஒன்று நடுவில் கிடந்தது. டிரான்ஸ்போஸ்.

ஒவ்வொரு பாட்டுக்கும் அக்காவுக்கு ஒரு கட்டை, பாடுகிற அண்ணனுக்கு ஒரு கட்டை. அது பாட்டோடு போவது, சேமித்து வைக்கலாம். ஆனால் திருவிழாக் காலத்தில் தொடர்ந்து நாலு ராத்திரி பாடியபின் ஐந்தாம் ராத்திரி அக்கா மேடையேறும்போதே சொல்வார்: “அரைக் கட்டை எறக்கிக்க தம்பி, இன்னைக்குப் பூரா.” அது பாட்டைச் சேர்ந்தது இல்லை. மேடையைச் சேர்ந்ததும் இல்லை. அன்றைய ராத்திரிக்கு அந்தத் தொண்டையைச் சேர்ந்தது. முன்பெல்லாம் முதல் பாட்டுக்கு இறக்குவேன். பாட்டு மாறியதும் சேமித்த கட்டை வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த பாட்டில் நான் மறந்தால், அக்கா முதல் சுரத்தை எட்டிப் பிடிக்கச் சிரமப்படுவது முகத்தில் தெரியும். பாடும்போதே ஒரு விரலைக் கீழே காட்டுவார். அப்போது மாற்றினால் வாசித்துக்கொண்டிருக்கிற கார்டு நடுவில் உடையும்.

இப்போது டிரான்ஸ்போஸ் இரண்டு. ஒன்று பாட்டுக்கு உரியது, யார் பாடுகிறார்கள் என்பதோடு சேர்த்துச் சேமித்தது. இன்னொன்று மேல் தட்டில், ‘இன்று’ என்று பெயர் எழுதிய ஒரு சின்னக் கட்டுப்பாடு. இரண்டும் கூட்டப்பட்டுத்தான் சத்தத்துக்குப் போகும். அக்கா அரைக் கட்டை இறக்கச் சொன்னால் ‘இன்று’ என்பதை ஒரு படி இறக்குவேன். ஐந்தரைக் கட்டைப் பாட்டு ஐந்தில் வரும், நாலு கட்டைப் பாட்டு மூன்றில் வரும், ராத்திரி முடிகிற வரை அப்படியே இருக்கும். மூன்றரை என்று ஒன்று கிடையாது என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புச் சாவி இல்லை. பாட்டு மாறும்போது இரண்டையும் கூட்டி ‘5’ என்று திரையில் பெரிதாகக் காட்டும். அதை அக்காவும் தன் இடத்திலிருந்தே பார்க்கலாம் என்பதற்காக லேப்டாப்பைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. பேட் வாசிக்கிற தம்பியின் டிரம் சத்தங்களும் என் லேப்டாப்பிலிருந்துதான் வருகின்றன. முதல் நாள் ஒத்திகையில் அரைக் கட்டை இறக்கினேன், அவன் ஸ்னேரை அடித்தால் ‘டக்’ என்று மரத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரிசையில் ஸ்னேர் 38-ஆம் சுரம். ஒன்று குறைந்தால் 37, அது விளிம்பில் குச்சியால் தட்டுகிற சத்தம். தாளத்துக்குச் சுதி இறங்கவில்லை, வாத்தியமே மாறிவிட்டது. டிரம்மின் சானலை டிரான்ஸ்போஸுக்கு வெளியே எடுத்து வைத்தபிறகுதான் சரியானது.

போன தை மாதம், பொங்கல் கச்சேரிகளுக்கு, ஒரு டேப்லெட்டையும் சேர்த்துப் பார்த்தேன். விரலாலேயே திரையைத் தொட்டு நகர்த்தலாம், பாட்டு மாறினால் டேப்லெட்டில் இருக்கிற ஃபேடரும் தானாக நகரும். கையும் திரையும் ஒன்றே என்பதால் என் பழைய பிரச்சினைக்கு இதுதான் முழு மருந்து என்று நினைத்தேன். பாபநாசம் பக்கம் திறந்தவெளி மேடை. பத்து மணிக்கு மேல் பனி இறங்கியது. கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகத் துளி. மேடை விளக்கில் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஃபேடரின் மஞ்சள் கோடு ஒடிந்து தெரிந்தது. விரலை வைத்து இழுத்தால் துளிகள் சேர்ந்து கோடாக ஓடின, ஃபேடர் விரலை விட்டுவிட்டு ஈரத்தைத் தொடர்ந்து போனது. துண்டால் துடைத்தால் துடைப்பதே தொடுவதாகிவிடுகிறது. அன்றிலிருந்து டேப்லெட்டை மண்டபக் கச்சேரிக்கு மட்டும் எடுத்துப்போகிறேன். வெளி மேடைக்குக் குமிழ்தான். விரலுக்குக் கீழே ஏதோ ஒன்று சுற்றுகிறது என்று தெரிவது இருட்டில் பெரிய ஆறுதல்.

இந்தப் பங்குனியில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து திரும்பவும் கூப்பிட்டார்கள். அதே மேடை, அதே இடத்தில் ஆலமரம். அக்காவிடம் அந்தப் பாட்டை லிஸ்ட்டில் சேர்க்கலாமா என்று கேட்டேன். சேர்த்துக்கொள் என்றார். அவர் தனியாக முதல் வரியை எடுத்தார். இரண்டாவது வரியில் ஸ்ட்ரிங்ஸ் அடியில் வந்து சேர்ந்தது. சரணத்தில் குமிழை மூன்று படி சுற்றினேன், மூன்று படிதான் ஏறியது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒயர் சுருட்டும்போது “நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

இன்னும் ஒன்றுக்கு எனக்கு முடிவு கிடைக்கவில்லை. ரிவர்ப். நீடாமங்கலத்தில் நான் அதை ‘மேடையோடு இருப்பது’ பக்கம் எழுதினேன். கல்யாண மண்டபத்தில் சுவரே எதிரொலிக்கும், அங்கே குறைக்க வேண்டும். வயல்வெளி மேடையில் சத்தம் போனது போனதுதான், அங்கே கூட்ட வேண்டும். ஆகவே அது இடத்தைச் சேர்ந்தது. ஆனால் குத்துப்பாட்டுக்கும் தாலாட்டுக்கும் ஒரே ரிவர்ப் வைத்தால் தாலாட்டு வறண்டு கேட்கிறது. டிரான்ஸ்போஸ் மாதிரியே இரண்டாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன், மண்டபத்தில் தாலாட்டு வந்தபோது இரண்டும் சேர்ந்து சொற்களைக் குழப்பிவிட்டன. கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கிப் பார்க்கலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்: இடம் பாதி என்றால் பாட்டு கேட்பதில் பாதிதான் கிடைக்கும். தபேலா அண்ணனிடம் கேட்டேன். “எனக்கு ரிவர்ப் எல்லாம் சவுண்டு சர்வீஸ்காரர்தான் தம்பி” என்றார். மேடையில் லேப்டாப் வைத்து வாசிக்கிறவர்கள் யாராவது இதை ஒழுங்காகச் செய்திருந்தால் எழுதுங்கள். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் எனக்கு இதை முடிக்க வேண்டும்.